சொல்லிவிட்டேனே, இனி என்ன செய்வது?

இரவு பத்தரை மணிக்கு அத்தையிடமிருந்து அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அவர் யாரையும் அழைப்பவர் அல்ல. பக்கத்து அறையில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஒரு தப்பு செய்துவிட்டேனடா. யாரிடமும் சொல்லிவிடாதே."

முகவரி சரியாக இல்லாததால் பார்சல் ஒன்று நின்றுவிட்டது என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. இணைப்பைத் தொட்டிருக்கிறார். பெயர், முகவரி, பிறந்த தேதி, கைப்பேசி எண் ஆகியவற்றை அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. பிறகு, மறுபடி கொண்டுவந்து தருவதற்குச் சிறு கட்டணம் என்று சொல்லி அட்டை எண்ணையும், பின்புறமுள்ள மூன்று இலக்கத்தையும் கேட்டிருக்கிறது. கடைசியில் கைப்பேசிக்கு வந்த ஓடிபி. அதை இட்டதும் "சரிபார்க்க முடியவில்லை, புதிய எண்ணை இடவும்" என்று காட்டியிருக்கிறது. இரண்டாவது ஓடிபியும் வந்தது, அதையும் இட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் உறைத்திருக்கிறது.

எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டேன். மாலை ஐந்தரை என்றார். ஐந்து மணி நேரம் அவர் இதைத் தனியாக மனத்துக்குள் வைத்துக்கொண்டு தவித்திருக்கிறார். விவரங்கள் போனதைவிட அந்த ஐந்து மணி நேரம்தான் எனக்கு வலித்தது. மோசடி செய்பவனுக்கு எல்லாவற்றையும்விட அதிகம் தேவைப்படுவது நேரம். நாம் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் அவனுக்கு இலவசமாகக் கொடுக்கிறோம்.

ஏமாறாமல் இருப்பது எப்படி என்று சொல்லும் கட்டுரைகள் ஏராளம். ஏமாந்துவிட்ட பிறகு, அந்த இரவில், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

"எல்லாம் போய்விட்டது" என்றுதான் அத்தை திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாம் போவதில்லை. கொடுத்த விவரங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை. ஒவ்வொன்றின் ஆபத்தும் வேறு, ஆயுளும் வேறு. எதைக் கொடுத்தோம் என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் எதை முதலில் அடைப்பது என்று தெரியும். எனவே ஒரு தாளில், கொடுத்ததை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். நினைவு மங்குவதற்கு முன்னால், அன்றே.

எழுதியதை இரண்டாகப் பிரிக்கலாம். மாற்றக்கூடியவை ஒரு பக்கம்: கடவுச்சொல், அட்டை எண், பின் (PIN) எண் போன்றவை. இவை சாவியைப் போன்றவை. சாவி திருடுபோனால் பூட்டை மாற்றிவிட்டால் தீர்ந்தது. திருடன் கையில் இருப்பது வெறும் இரும்பு. மாற்ற முடியாதவை இன்னொரு பக்கம்: பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், அடையாள அட்டையின் நகல், முகம். இவற்றுக்குப் பூட்டு மாற்ற முடியாது. வாசலில் கண் வைத்திருக்கத்தான் முடியும்.

பதற்றத்தில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிறந்த தேதியும் முகவரியும் போய்விட்டனவே என்று புலம்பிக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் கடவுச்சொல் மாற்றப்படாமல் கிடக்கும். மாற்றக்கூடியவற்றை இன்றிரவே மாற்ற வேண்டும். மாற்ற முடியாதவற்றுக்கு அவசரம் தேவையில்லை, பொறுமை தேவை. இந்தக் கட்டுரையின் அடிப்படை இவ்வளவுதான். மீதி எல்லாம் இதன் விரிவு.

தாள் எழுதும்போதே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். அந்தக் குறுஞ்செய்தி, இணைய முகவரி, உரையாடல், பணம் போயிருந்தால் அதன் பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவமானம் தாங்காமல் பலர் முதல் வேலையாக உரையாடலை அழித்துவிடுகிறார்கள். வங்கியும் காவல்துறையும் நாளை கேட்கப்போவது அதைத்தான்.

அட்டையும் ஓடிபியும்

அட்டை விவரம் கொடுத்திருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடல் முடிவுகளிலேயே போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் கலந்து கிடக்கின்றன. அட்டையின் பின்புறத்தில் அச்சடித்திருக்கும் எண்ணை அழையுங்கள். வங்கியின் செயலியில் அட்டையைத் தற்காலிகமாக முடக்கும் வசதி இருந்தால், அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே அதைத் தட்டிவிடலாம். ஆனால் முடக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். அட்டையை ரத்துசெய்து, வேறு எண்ணில் புதிய அட்டை கேளுங்கள். பழைய எண் அவர்களிடம் இருக்கும்வரை, முடக்கத்தை நீங்கள் எடுக்கும் நாளுக்காக அவர்கள் காத்திருக்க முடியும்.

இங்கே ஓடிபி எப்படிக் களவாடப்படுகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அத்தைக்குப் புரியாமல் இருந்தது இதுதான்: "வந்தது வங்கியின் பெயரில்தானே வந்தது? அது எப்படிப் போலியாகும்?" அது போலி அல்ல. போலிப் பக்கத்துக்குப் பின்னால் ஓர் ஆளோ ஒரு நிரலோ விழித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் அட்டை எண்ணை இட்ட அதே நொடியில் அந்த எண் உண்மையான ஓர் இடத்தில் இடப்படுகிறது. உங்கள் வங்கி, நீங்கள்தான் வாங்குகிறீர்கள் என்று நினைத்து, உங்கள் கைப்பேசிக்கு உண்மையான ஓடிபியை அனுப்புகிறது. அதைப் போலிப் பக்கத்தில் இடுகிறீர்கள். அடுத்த நொடி அது உண்மையான பக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஓடிபி சில நிமிடங்களில் செத்துவிடும் என்பது உண்மைதான். அவர்களுக்குச் சில நொடிகளே போதும்.

அந்த இரண்டு குறுஞ்செய்திகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துக்காட்டச் சொன்னேன். முதலாவது, ஒரு பொருள் வாங்குவதற்கானது. இரண்டாவதைப் படிக்கும்போது அவர் குரல் நின்றுவிட்டது. "உங்கள் அட்டையை மொபைல் வாலெட்டில் சேர்ப்பதற்கான எண்" என்று அதில் தெளிவாக இருந்தது. அத்தையின் அட்டை வேறு எவருடைய கைப்பேசியிலோ ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. ஏறிவிட்டால், அட்டை கையில் இல்லாமலேயே அந்தக் கைப்பேசியைக் கடையின் கருவியில் தொட்டுப் பணம் செலுத்தலாம். ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது. ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதைச் சுற்றி எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். எதற்கான எண் என்பது அந்தச் செய்தியிலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே வங்கியிடம் பேசும்போது "அட்டையை நிறுத்துங்கள்" என்பதோடு, "ஏதாவது வாலெட்டில் இது சேர்க்கப்பட்டிருக்கிறதா பாருங்கள், இருந்தால் நீக்குங்கள்" என்றும் கேளுங்கள். புகார் எண்ணையும் பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்கள் கணக்கு விவரத்தை வரி வரியாகப் பாருங்கள். மிகச் சிறிய தொகை ஒன்று போயிருந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். அட்டை உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காகவே சிறு தொகையை முதலில் எடுப்பது அவர்கள் வழக்கம்.

பணமே போயிருந்தால் நேரம் இன்னும் முக்கியம். களவு போன பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து நாலைந்துக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டம் முடிவதற்குள் புகார் போனால் இடையில் ஏதாவது ஒரு கணக்கில் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. இதற்காகவே சில நாடுகள் தனி எண் வைத்திருக்கின்றன: இந்தியாவில் 1930, மலேசியாவில் 997. மோசடி குறித்த உதவிக்குச் சிங்கப்பூரில் 1799. வேறு எங்கே இருந்தாலும் முதலில் வங்கி, அடுத்துக் காவல்துறை. பல நாடுகளின் விதிகளில், இழப்பை யார் ஏற்பது என்பதே நீங்கள் எவ்வளவு சீக்கிரம் தெரிவித்தீர்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

வெறும் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் கொடுத்திருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பணம் வாங்குவதற்காக நாம் பலருக்கும் கொடுக்கும் எண் அது. வங்கிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கணக்கைக் கவனித்து வாருங்கள்.

மின்னஞ்சல்தான் தலைவாசல்

கடவுச்சொல் எதையாவது கொடுத்திருந்தால், எந்தக் கணக்கினுடையதாக இருந்தாலும், முதலில் மின்னஞ்சலுக்குப் போங்கள். காரணம் எளிது. பெரும்பாலான தளங்களில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் மீட்பு இணைப்பு வந்து விழுவது மின்னஞ்சலில்தான். மின்னஞ்சல் ஒருவன் கையில் இருந்தால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் அவனுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. ஒவ்வொன்றாகத் தானே புதிதாக வைத்துக்கொள்வான்.

கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று நினைப்பது இங்கே பெரிய தவறு. எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் மூன்று முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் சில நாட்களில் ஏதாவது ஒரு கணக்கு கைமாறிக்கொண்டிருந்தது. கடைசியில் இருவருமாக உட்கார்ந்து மின்னஞ்சலின் அமைப்புகளுக்குள் ஒவ்வொரு பக்கமாகப் போனோம். வடிகட்டிகள் (ஃபில்டர்) என்ற பக்கத்தில் அவர் உருவாக்காத விதி ஒன்று இருந்தது. கடவுச்சொல், சரிபார்ப்பு என்ற சொற்கள் உள்ள கடிதம் எது வந்தாலும் அதன் நகலை ஒரு முகவரிக்கு அனுப்பு, படித்ததாகக் குறி, குப்பைத் தொட்டியில் போடு. அவ்வளவுதான். உள்ளே நுழைந்தவன் எப்போதோ வெளியேறிவிட்டான். போகும்போது பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். "புதிய சாதனத்திலிருந்து நுழைந்திருக்கிறார்கள்" என்ற எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் அந்தக் குப்பைத் தொட்டியில் வரிசையாகக் கிடந்தன. அவர் ஒன்றையும் பார்த்ததில்லை.

எனவே மின்னஞ்சலில் இந்த வரிசையில் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுங்கள். கடவுச்சொல் மாறினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் சாதனம் சில இடங்களில் திறந்தபடியே இருக்கும். மீட்புக்கான தொலைபேசி எண்ணும் மாற்று மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். வடிகட்டிகள், தானாக முன்னனுப்புதல் (ஃபார்வர்டிங்) ஆகிய இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள். கணக்கோடு இணைக்கப்பட்ட வெளிச் செயலிகளின் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். கடைசியாக, குப்பைத் தொட்டியையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

பிறகு மற்றக் கணக்குகள். அதே கடவுச்சொல்லை வேறெங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் மாற்றியாக வேண்டும். களவாடிய மின்னஞ்சல், கடவுச்சொல் சோடியை நூற்றுக்கணக்கான தளங்களில் தானாகவே இட்டுப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. கடைசியில் ஓர் எண்ணைக் கூட்டியிருக்கிறேன், முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன் என்பதெல்லாம் அந்த நிரல்களுக்குத் தெரிந்த வித்தைகள். முற்றிலும் வேறான, நீளமான கடவுச்சொல் ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக வேண்டும். அத்தனையை எப்படி நினைவில் வைப்பது? கடவுச்சொல் நிர்வாகி என்ற வகைச் செயலிகள் அதற்காகவே இருக்கின்றன. அதுவும் சிரமம் என்பவர்கள் வீட்டில் பத்திரமான இடத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். எழுதக் கூடாது என்ற பழைய அறிவுரையை நான் ஏற்பதில்லை. வேற்று நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. ஒரே கடவுச்சொல்லை இருபது இடத்தில் வைத்திருந்தால் இருபதையும் திறக்க முடியும்.

அடுத்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்பது. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, முப்பது நொடிக்கு ஒரு முறை புதிய எண் காட்டும் அத்தென்டிகேட்டர் செயலி மேல். ஆனால் அந்த எண்ணையும் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்துவிட முடியும் என்பதை மறக்க வேண்டாம். இதற்கெல்லாம் மேலானது பாஸ்கீ. 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதைப் பரவலாக்கப்போவதாக அறிவித்தன. இதில் தட்டச்சு செய்ய எண்ணோ சொல்லோ இல்லை. உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் மறைசாவி, எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்தத் தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். ஓர் எழுத்து மாறிய போலித் தளம் முன்னால் நின்றால், நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது. வங்கியோ மின்னஞ்சலோ பாஸ்கீ வசதி தந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேவ் ஐ பீன் போன்ட் என்று ஒரு தளம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கியது. மின்னஞ்சல் முகவரியை இட்டால், அது எந்தெந்தப் பெருங்கசிவுகளில் வெளியானது என்று சொல்லும். பயனுள்ள தளம்தான். ஆனால் நேற்று நீங்கள் ஒரு மோசடிப் பக்கத்தில் கொடுத்தது அங்கே தெரிய வழியில்லை. அங்கே ஒன்றும் காட்டவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிடக் கூடாது.

கைப்பேசி எண்

ஓடிபி எல்லாம் வந்து சேரும் இடம் என்பதால், எண்ணையே கைப்பற்றப் பார்ப்பவர்களும் உண்டு. உங்கள் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாம் கையில் இருக்கும் ஒருவன், உங்களைப் போலவே தொலைபேசி நிறுவனத்திடம் பேசி, "சிம் தொலைந்துவிட்டது, புதியது வேண்டும்" என்று கேட்கிறான். கொடுத்துவிட்டால் உங்கள் எண் அவன் கைப்பேசியில் ஒலிக்கத் தொடங்கும். இது எளியவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே அவருடைய தொலைபேசி எண் வழியாகக் கைப்பற்றப்பட்டது.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. மற்றவர்களுக்கு எல்லாம் சிக்னல் இருக்கும்போது உங்கள் கைப்பேசியில் மட்டும் திடீரென்று அற்றுப்போய், திரும்பி வரவே இல்லை என்றால், வேறொருவர் கைப்பேசியிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். முன்கூட்டியே, என் அனுமதியில்லாமல் சிம்மை மாற்றவோ வேறு நிறுவனத்துக்கு எண்ணைக் கொண்டுபோகவோ கூடாது என்று பூட்டுப் போட முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டுவையுங்கள்.

நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதாவது ஓர் எண்ணை அழுத்தச் சொல்லி நீங்கள் அழுத்தியிருந்தால், உங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கக்கூடும். பெரும்பாலான வலையமைப்புகளில் *#21# என்று அழைத்தால் எல்லா அழைப்புகளும் திருப்பிவிடப்படுகின்றனவா என்று காட்டும். ##002# எல்லாத் திருப்பங்களையும் நீக்கிவிடும்.

வாட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டவர்கள் செய்ய வேண்டியது, தம் கைப்பேசியில் தம் எண்ணால் மறுபடி பதிவுசெய்வதுதான். புதிய ஆறு இலக்கம் உங்களுக்கு வரும். இட்டவுடன் உள்ளே இருப்பவன் வெளியேற்றப்படுவான். அவன் இதற்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் (PIN) எண் ஒன்றை வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேரும். அந்த ஏழு நாளும் அவனாலும் நுழைய முடியாது என்பது ஆறுதல். உள்ளே போனதும் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்து, தெரியாததை நீக்கி, உங்கள் சொந்தப் பின் எண்ணை வைத்துவிடுங்கள்.

செயலியை நிறுவச் சொல்லியிருந்தால்

இது மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, வரிசையே மாறும். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல வேலைக்காக உருவான செயலிகள்தான்; தொலைவிலிருந்து திரையைப் பார்க்கவும் இயக்கவும் உதவுபவை. மோசடிக்காரன் அவற்றை நிறுவச் சொல்லி, அவை திரையில் காட்டும் எண்ணைக் கேட்டு வாங்கினான் என்றால், அல்லது குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த கோப்பு ஒன்றைச் செயலியாக நிறுவினீர்கள் என்றால், அந்தக் கைப்பேசியையே நம்பக் கூடாது. குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபிகளை வேறிடத்துக்கு அனுப்புவதற்காகவே எழுதப்பட்ட செயலிகள் இருக்கின்றன. அந்தக் கைப்பேசியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினால், புதிய கடவுச்சொல்லையும் சேர்த்தே அவனிடம் கொடுக்கிறீர்கள்.

முதலில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். வங்கியை வேறு கைப்பேசியிலிருந்து அழையுங்கள். கடவுச்சொற்களையும் வேறு சாதனத்திலிருந்தே மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கைப்பேசியில் அந்தச் செயலியை நீக்குவது பாதி வேலை. தேவையான படங்களையும் தொடர்பு எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆரம்ப நிலைக்குத் திருப்பும் முழு அழிப்பைச் செய்வதுதான் நிம்மதி.

மாற்ற முடியாதவை

இனி அந்தத் தாளின் மறுபக்கம். பெயர், பிறந்த தேதி, முகவரி, அடையாள அட்டை, அதைக் கையில் பிடித்து எடுத்த புகைப்படம். இவை போனதை எண்ணித்தான் பலரும் தூக்கம் இழக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். யாகூ நிறுவனத்தில் 2013இல் நடந்த களவில் அதன் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸிலிருந்து 2017இல் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அவர்களில் பலர் அந்த நிறுவனத்துக்குத் தாமாக எதையும் கொடுத்ததே இல்லை. எந்த இணைப்பையும் தொடாதவர்களின் பிறந்த தேதியும் இன்று எங்கோ ஒரு பட்டியலில் இருக்கக்கூடும். நீங்கள் மட்டும் தனியாக அம்பலப்பட்டு நிற்கவில்லை.

இந்த விவரங்களால் நேரக்கூடியது இரண்டு. ஒன்று, உங்கள் பெயரில் கடன், சிம், வங்கிக் கணக்கு. இதைக் கண்டுபிடிக்கும் வழி, உங்கள் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கடன் அறிக்கை. கடன் தகவல் நிறுவனங்கள் உள்ள நாடுகளில் உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். நீங்கள் வாங்காத கடனோ, நீங்கள் விண்ணப்பிக்காத கடனுக்காக யாரோ உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்த்த பதிவோ இருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். சில நாடுகளில் அறிக்கையையே உறைய வைக்கலாம். உறைந்திருக்கும்போது எவரும் உங்கள் பெயரில் புதுக் கடன் வாங்குவது மிகக் கடினம். அமெரிக்காவில் இது 2018 முதல் கட்டணமில்லாத உரிமை. அடையாள அட்டையைப் பொறுத்தவரை, அதை வழங்கிய அலுவலகத்தில் முடக்கவோ பூட்டவோ வழி இருக்கிறதா என்று கேளுங்கள். காவல்துறையில் கொடுத்த புகாரின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு கடன் நோட்டீஸ் வந்தால், இது என்னுடையதல்ல என்று சொல்ல உங்களிடம் தேதியோடு இருக்கும் சான்று அதுதான்.

மற்றொன்று இதைவிட அதிகம் நடப்பது: அந்த விவரங்களை உங்களிடமே திருப்பிச் சொல்லி நம்பவைப்பது. சில நாட்கள் கழித்து வங்கியிலிருந்து என்று ஒருவர் அழைப்பார். உங்கள் முழுப்பெயர், முகவரி, அட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வார். "நேற்று உங்கள் கணக்கில் மோசடி நடந்திருக்கிறது" என்பார், அதுவும் உண்மைதான். இவ்வளவு தெரிந்தவர் வங்கிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நீங்களே கொடுத்தது. திரையில் தெரியும் எண்ணும் சாட்சி அல்ல, அதைப் போலியாகக் காட்ட முடியும். போலிக் குறுஞ்செய்தியும், அனுப்புநர் பெயர் ஒன்றாக இருந்தால், வங்கியின் உண்மைச் செய்திகள் இருக்கும் அதே உரையாடலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மரியாதையாகத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புற எண்ணை நீங்களே அழையுங்கள். உண்மையான வங்கி ஊழியர் இதற்குக் கோபப்படமாட்டார்.

கணக்கு மீட்புக்கான கேள்விகளையும் மறக்காதீர்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயர், படித்த பள்ளி என்று உண்மையான பதிலை வைத்திருந்தால் மாற்றுங்கள். அங்கே உண்மை சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சம்பந்தமே இல்லாத பதில் ஒன்றை வைத்து, நோட்டில் எழுதிக்கொண்டால் போதும்.

வீட்டில் சொல்லுங்கள்

அத்தை "யாரிடமும் சொல்லாதே" என்றதை நான் மீறவில்லை, அவரையே சொல்லவைத்தேன். இதில் நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அவர் பெயரையும் எண்ணையும் வைத்துக்கொண்டு, "அவசரமாகப் பணம் தேவை" என்று அவருடைய பிள்ளைகளுக்கே செய்தி போகக்கூடும். அவர்களுக்குத் தெரிந்திருந்தால் ஓர் அழைப்பில் சரிபார்த்துவிடுவார்கள். மறுநாள் காலை அவர் மாமாவிடம் சொன்னபோது மாமா திட்டவில்லை. "எனக்கும் அந்தச் செய்தி வந்தது, நானும் தொடப் பார்த்தேன்" என்றார். இதைப் படிக்கும் நீங்கள் ஏமாந்தவராக இல்லாமல், ஏமாந்தவர் வந்து சொல்லும் இடத்தில் இருந்தால், தயவுசெய்து "எப்படி இதை நம்பினாய்?" என்று தொடங்காதீர்கள். "எதையெல்லாம் கொடுத்தாய், தாளை எடு" என்று தொடங்குங்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை ஐந்து மணி நேரத்தோடு நிறுத்தமாட்டார், ஐந்து நாள் மறைப்பார்.

இரண்டாவது வலை

ஒரு முறை ஏமாந்தவர்களின் பெயர்ப்பட்டியலுக்குத் தனி விலை உண்டு. மோசடிக் கும்பல்கள் அவற்றைத் தங்களுக்குள் விற்கின்றன. அதனால், சில வாரங்கள் கழித்துப் புதிதாக ஒருவர் வருவார். வழக்கறிஞர், இணையக் குற்ற அதிகாரி, பணத்தை மீட்டுத் தரும் நிறுவனம் என்று ஏதாவது ஒரு வேடம். உங்கள் பணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, விடுவிக்க ஒரு முன்கட்டணம் மட்டும் கட்ட வேண்டும் என்பார். சிலர் பணமே கேட்கமாட்டார்கள். "திருப்பிச் செலுத்த" உங்கள் அட்டை எண்ணையும் ஓடிபியையும் கேட்பார்கள். பணம் வருவதற்கு ஓடிபி தேவையே இல்லை. களவுபோன பணத்தை முன்கட்டணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்று தானாகத் தேடி வருகிறவரை, ஒரு விதிவிலக்கும் இல்லாமல், மோசடிக்காரர் என்றே கொள்ளலாம்.

அத்தைக்கு அந்த அழைப்பு மூன்றாவது வாரத்தில் வந்தது. பேசியவருக்குப் புகார் கொடுத்த விஷயம்கூடத் தெரிந்ததுபோல் இருந்ததாம். அத்தை அவரிடம் பெயரையும் எண்ணையும் பொறுமையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, துண்டித்துவிட்டு, வங்கிக்கு அழைத்துச் சொன்னார். பிறகு என்னை அழைத்தார். குரல் தாழ்ந்திருக்கவில்லை. அன்றிரவு எழுதிய அந்தத் தாளிலேயே, புகார் எண்ணுக்குக் கீழே, அந்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.